ஹைட்ரஜன் வாயுவை இழுத்தால் ரத்தச் சிவப்பணுக்களுக்கு என்ன ஆகும்? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இப்போது ஹைட்ரஜன் மெஷின் பேச்சு அதிகம். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜன் வாயுவைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் பெட்டி அது. மண்டபத்தில் இலவச முகாம் என்று நோட்டீஸ் வருகிறது. போனால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, பெரிய டிவியில் காட்டுகிறார்கள். சிவப்பணுக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. அப்புறம் மூக்கில் குழாயை மாட்டி அரை மணி நேரம் ஹைட்ரஜன் இழுக்க வைத்துவிட்டு, மறுபடியும் ஒரு சொட்டு எடுக்கிறார்கள். இந்தத் தடவை அணுக்கள் தனித்தனியாக மிதக்கின்றன. "பார்த்தீங்களா, ரத்தம் சுத்தமாயிருச்சு" என்கிறார்கள். மெஷின் விலை லட்ச ரூபாய்க்கு மேலும் போகிறது.

நான் கோரிப்பாளையம் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். முகாமுக்குப் போனவர்கள் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் எங்களிடம் வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அணுக்கள் பிரிந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அது பொய்யா?

நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அது ஹைட்ரஜனால் நடந்தது என்பதற்கு அங்கே ஆதாரம் எதுவும் இல்லை.

சிவப்பணு நடுவில் குழிந்த ஒரு தட்டு. குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். ரத்தம் ஓடாமல் நின்றால் இந்தத் தட்டுகள் காசு அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். நல்ல ஆரோக்கியமானவர் ரத்தமும் சேரும். ரத்த நீரில் இருக்கும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள்தான் அணுக்களைச் சேர்க்கின்றன. ஓட்டம் வந்ததும் அடுக்கு கலைந்துவிடும். உடம்புக்குள் ரத்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. நுண்குழாய்களுக்குள் போகும்போது அணுக்கள் உடலை வளைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் நுழைகின்றன. கண்ணாடித் தகட்டில் நிற்கும் ரத்தத்தை வைத்து, உடம்புக்குள் ஓடுவதும் இப்படித்தான் ஒட்டிக் கிடக்கிறது என்று சொல்லவே முடியாது.

லேபில் நாங்கள் ஸ்மியர் போடுவதைப் பாருங்கள். ஸ்லைடின் ஒரு ஓரத்தில் சின்னச் சொட்டு வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்போம். சொட்டு வைத்த இடம் தடிமனாகவும், போகப் போக மெல்லிசாகவும் இருக்கும். கடைசியில் நாக்கு நுனி மாதிரி முடியும். தடிமனான இடத்தில் யார் ரத்தமாக இருந்தாலும் அடுக்கடுக்காகத்தான் தெரியும். நுனியில் யார் ரத்தமாக இருந்தாலும் அணுக்கள் விலகி விலகித்தான் கிடக்கும். அதனால்தான் நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, அணுக்கள் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரே ஆளின் ஒரே ஸ்லைடில் "கெட்ட ரத்தம்", "நல்ல ரத்தம்" இரண்டையும் அரை அங்குல இடைவெளியில் என்னால் காட்ட முடியும்.

முகாமில் பச்சை ரத்தத்தை மூடித் தகடு போட்டுக் காட்டுகிறார்கள். அதில் இன்னும் பல வித்தியாசங்கள் வரும். சொட்டு பெரிதாக இருந்தால் தடிமன் கூடும். விரலை அழுத்திப் பிதுக்கினால் திசு நீர் கலந்து புரதம் நீர்த்துப்போகும்; அணுக்கள் பிரியும். ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் விட்டால் ஓரம் காய்ந்து கூட்டமாகச் சேரும். தகட்டை எந்தப் பக்கம் நகர்த்தி எந்த இடத்தைத் திரையில் காட்டுவது என்பது காட்டுகிறவர் கையில் இருக்கிறது. அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. பலர் தாங்கள் காட்டுவதை முழுசாக நம்புகிறார்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. குழாயை மாட்டி, மெஷினை ஆன் செய்யாமல் அரை மணி நேரம் உட்கார வைத்து அடுத்த சொட்டை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லைடிலும் எது முதல் சொட்டு, எது இரண்டாவது என்பது பார்க்கிறவருக்குத் தெரியாமல் எண் மட்டும் போட்டுக் கொடுங்கள். நேர்மையான சோதனை என்றால் இதுதான்.

அப்படியானால் அணுக்கள் ஒட்டுவது நோயே இல்லையா?

சில நோய்களில் அதிகமாக ஒட்டும். காய்ச்சல், காசநோய், மூட்டுவாதம் போன்றவற்றில் ரத்தத்தில் அந்தப் புரதங்கள் கூடும். அடுக்கு பெரிதாகி, நிற்கவைத்த குழாயில் அணுக்கள் சீக்கிரம் கீழே இறங்கும். அதை அளப்பதுதான் நீங்கள் கேள்விப்பட்ட இ.எஸ்.ஆர். எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயிலும் ஸ்மியரில் அடுக்கு நன்றாகத் தெரியும். அங்கெல்லாம் அணுக்களைப் பிரித்துவிடுவது வைத்தியம் ஆகாது. புரதம் ஏன் கூடியது என்று தேட வேண்டும்.

இழுக்கிற ஹைட்ரஜன் சிவப்பணுவுக்குள் போகுமா?

போகும். வாயுக்களிலேயே சின்ன மூலக்கூறு அது, மின்சுமை கிடையாது. நுரையீரலில் இருந்து ரத்த நீருக்கு, அங்கிருந்து சிவப்பணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே, எந்தத் தடையும் இல்லாமல் போகும். மூளைக்கும் போகும்.

ஆனால் அது தங்காது. மனித செல்களில் ஹைட்ரஜனைப் பிடித்துப் பயன்படுத்தும் நொதி கிடையாது. குழாயைக் கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி மூச்சு வழியாகவே வெளியே போய்விடும்.

கார்பன் மோனாக்சைடு மாதிரி ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொன்றுவிடாதா?

இந்தப் பயம் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். ஹைட்ரஜன் அப்படிப் பிடிப்பதில்லை. ரத்தத்தில் வெறுமனே கரைந்து போய்வரும். 1988இல் மார்செய் அருகே கடலில் நடந்த ஹைட்ரா 8 சோதனையில் முக்குளிப்பவர்கள் 500 மீட்டருக்கும் கீழே, ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன் உள்ள கலவையைச் சுவாசித்து வேலை பார்த்தார்கள். ஹீமோகுளோபினுக்கு விஷமாக இருந்தால் அது நடந்திருக்காது. அவ்வளவு அழுத்தத்தில் ஹைட்ரஜன் போதை மாதிரி மயக்கம் தரும் என்பது வேறு விஷயம். வீட்டு மெஷினில் அந்த நிலை வராது.

ஹைட்ரஜன் பெரிய ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சேதப்படுத்தும் மூர்க்கமான மூலக்கூறுகளை அடக்கும் பொருள்), ஜப்பானில் நிரூபித்துவிட்டார்கள் என்கிறார்களே?

2007இல் ஜப்பானின் நிப்பான் மருத்துவக் கல்லூரியில் ஷிகியோ ஓட்டா குழுவினர் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். மூளைக்கு ரத்தம் தடைபட்ட எலிகளுக்கு 2 முதல் 4 சதவீத ஹைட்ரஜன் கொடுத்ததில் மூளைச் சேதம் குறைந்தது. ஹைட்ராக்சில் என்ற மிக மூர்க்கமான மூலக்கூறை மட்டும் ஹைட்ரஜன் தேர்ந்தெடுத்து அடக்குகிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். அதற்குப் பிறகுதான் இந்தத் துறை வேகம் எடுத்தது. நல்ல ஆராய்ச்சி; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எலியின் மூளையில் பார்த்ததை நம்முடைய சிவப்பணுவுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் தொடாமல் போகிற இடம் இதுதான்.

4 சதவீத ஹைட்ரஜன் இழுத்தால் ரத்தத்தில் கரைவது லிட்டருக்கு சுமார் 0.03 மில்லிமோல் (மில்லிமோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் அளவு லிட்டருக்கு சுமார் 5 மில்லிமோல். அதாவது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்கும் இடத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் 150க்கு மேல் நெருக்கியடித்து நிற்கின்றன. ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும், தூரம் போகாது. அதிலும் அது ஹைட்ரஜனோடு வினைபுரியும் வேகம் புரதங்களோடு வினைபுரியும் வேகத்தைவிட நூறு மடங்கு அளவுக்குக் குறைவு. இந்தக் கூட்டத்தில் ஹைட்ரஜன் முந்திக்கொண்டு அதைப் பிடிக்கும் என்பது கணக்குப்படி நடக்காது.

நேரடியாக அடக்குவதாகச் சொன்ன விளக்கத்தில் இந்தச் சிக்கல் இருப்பதால், ஹைட்ரஜன் செல்லின் மரபணுக்களைத் தூண்டி, செல்லே தன் பாதுகாப்பு நொதிகளைக் கூடுதலாகச் செய்ய வைக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் இப்போது கருதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் முதிர்ந்த சிவப்பணுவுக்கு மரபணுக்கள் இருக்கும் உட்கருவே கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. புதிதாக ஒரு நொதியைக்கூட அதனால் செய்ய முடியாது. மஜ்ஜையில் இருந்து கிளம்பும்போது கொண்டுவந்ததை வைத்துத்தான் 120 நாள் ஓட்ட வேண்டும். ஹைட்ரஜனின் பலன் என்று சொல்லப்படுகிற இரண்டு வழிகளுமே மற்ற செல்களைவிடச் சிவப்பணுவில்தான் மிகக் குறுகலானவை. எதை வைத்து விளம்பரம் செய்கிறார்களோ, அந்த அணுவுக்குத்தான் இதில் கிடைக்கக்கூடியது மிகவும் கம்மி.

சிவப்பணு பாதுகாப்பு இல்லாமல் கிடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஹீமோகுளோபினில் ஒரு பகுதி தினமும் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து வேலைக்கு ஆகாததாக மாறும். அதை ஒரு நொதி உடனுக்குடன் பழைய நிலைக்குத் திருப்பும். கேட்டலேஸ், குளுட்டதையோன் என்று இன்னும் ஒரு படையே உள்ளே இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்தப் படை பலவீனம். சில மருந்துகள் பட்டாலே அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப் போகும். அவர்களுக்கு மருத்துவம், அந்த மருந்துகளைத் தவிர்ப்பது. ஹைட்ரஜன் இழுப்பது அதற்கு மாற்று ஆகாது.

மனிதர்களிடம் ஆய்வே நடக்கவில்லையா?

நடந்திருக்கிறது. ஜப்பானில் இதயம் நின்று உயிர் மீண்டவர்களுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே 2 சதவீத ஹைட்ரஜனை 18 மணி நேரம் வென்டிலேட்டர் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. 73 பேர்தான் சேர்ந்திருந்தார்கள். கொரோனா வந்து ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 90 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஹைட்ரஜன் பெற்ற பக்கம் 85 சதவீதம், பெறாத பக்கம் 61 சதவீதம். ஆனால் ஆய்வு முதலில் குறிவைத்த அளவுகோலில், அதாவது மூளை நன்றாகத் தேறியவர்கள் கணக்கில், வித்தியாசம் உறுதியாகவில்லை. பெரிய ஆய்வு ஒன்று நடந்தால் எனக்கும் சந்தோஷம். எத்தனையோ குடும்பங்களுக்கு அது உதவக்கூடும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஆரோக்கியமான 8 பேருக்கு 2.4 சதவீத ஹைட்ரஜனை மூன்று நாள் வரை கொடுத்தார்கள். குறிப்பிடும்படியான பாதிப்பு எதுவும் வரவில்லை என்று 2021இல் எழுதினார்கள். குறைந்த அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் ஆபத்தில்லை என்பது இதில் தெரிகிறது. நோய் குணமாகும் என்பது இதில் தெரியவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அம்மாவுக்கு ரத்தம் கம்மி. ஹைட்ரஜன் இழுத்தால் ஹீமோகுளோபின் ஏறுமா?

ஏறாது. அடித்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்குத் தவறான பதில் கிடைத்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

ஹீமோகுளோபின் செய்ய இரும்பு வேண்டும், புரதம் வேண்டும், ஃபோலிக் அமிலமும் பி12உம் வேண்டும். ஹைட்ரஜன் இவற்றில் எதையும் தருவதில்லை. நம் மஜ்ஜை நொடிக்கு சுமார் இருபது லட்சம் சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது. சரக்கு இல்லாவிட்டால் அணுக்கள் சின்னதாக, வெளிறிப் போய் வரும்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா வந்திருந்தார். மாதக்கணக்கில் ஒரு மையத்துக்குப் போய் ஹைட்ரஜன் இழுத்திருக்கிறார். களைப்பு போகவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 6.4. ஸ்மியரைப் பார்த்தேன்: அணுக்களின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு வளையம் மட்டும் நிறம், நடுவெல்லாம் வெள்ளை; ஊடே பென்சில் மாதிரி நீண்ட அணுக்கள். முற்றிய இரும்புச்சத்துக் குறைபாடு அப்படித்தான் இருக்கும். மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போய்க்கொண்டிருந்ததை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அந்த மையத்தின் திரையில் அவருடைய அணுக்கள் "நன்றாகப் பிரிந்து" தெரிந்தனவாம். ரத்தத்தில் அணுக்களே குறைந்துபோனால் இடைவெளி கூடத்தானே செய்யும்! இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். அதனால் அம்மாவை முதலில் ஒரு சி.பி.சி., அதாவது ரத்த அணுக்களையும் ஹீமோகுளோபினையும் அளக்கும் பரிசோதனை, எடுக்கச் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரியிலோ, ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டலாம். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே போனால் ரத்தசோகை. அப்புறம் காரணம் தேட வேண்டும்: மாதவிடாயா, மூலமா, வயிற்றுப் புண்ணா, வெறுங்காலோடு வயலில் நடப்பவர் என்றால் கொக்கிப்புழுவா. வயதான ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சத்து மாத்திரையே பலருக்குப் போதும். டீ, காபி, பாலோடு போடாமல் எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஒன்றிரண்டு கிராம் ஏறும். சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு சேருங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) உண்மையிலேயே நல்லது; நம் ஊர்க் கறிக்கடையில் பிரசவித்த பெண்ணுக்கு என்று கேட்டு வாங்கிப் போவதில் அர்த்தம் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் ஈரலை அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

ரத்தம் காரத்தன்மைக்கு மாறும் என்றார்களே?

மாறாது. ஹைட்ரஜன் வாயு அமிலமும் இல்லை, காரமும் இல்லை. ரத்தத்தின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. அதைத் தாண்டி ரொம்ப விலகிப் போனால் ஐ.சி.யூ.வில்தான் இருக்க வேண்டும்.

சுகர் இருக்கிறது. ஹைட்ரஜன் இழுத்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. எச்.பி.ஏ.1.சி. என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தில் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்ற கணக்கு. ரத்தசோகை இருந்தாலும் ரத்தம் ஏற்றியிருந்தாலும் அந்த எண் தப்பாகக் காட்டலாம். எண் குறைந்தது என்று மெஷினுக்குப் பெருமை சேர்க்குமுன் டாக்டரிடம் காட்டுங்கள்.

மெஷினுக்குப் பதில் ஹைட்ரஜன் வாட்டர் குடிக்கலாமா?

சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் சுமார் 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜன்தான் கரையும். அரை லிட்டர் குடித்தால் வாயுக் கணக்கில் பத்து மில்லிலிட்டர். மொச்சையோ கொண்டைக்கடலையோ சாப்பிட்ட அன்று நம் குடல் பாக்டீரியாக்கள் தாமாகவே இதைவிட அதிகமாக ஹைட்ரஜன் உண்டாக்கும். அது மூச்சிலும் வரும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களைக் கண்டுபிடிக்க மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனையே இருக்கிறது. தண்ணீர் கெடுதல் இல்லை. அந்த விலைக்கு அது வேண்டுமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

மெஷின் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் தீ. காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். மிகச் சின்னப் பொறி போதும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவாலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஓய்வாக இருப்பவர் நிமிடத்துக்கு சுமார் 6 லிட்டர் காற்று இழுக்கிறார். மெஷின் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் கொடுத்தால் கணக்குக்கு 5 சதவீதம் ஆகிறது. மூச்சு விடும் நேரத்தில் வீணாவது போக இன்னும் குறையும். ஆனால் 1,500, 3,000 மில்லிலிட்டர் என்று பெரிய மெஷின்களை விற்கிறார்கள். அதிகம் என்றால் நல்லது என்று நினைத்து அதை வாங்கியிருந்தால் ஆபத்துதான் கூடும். எந்த மெஷினாக இருந்தாலும் குழாய்க்குள் இருப்பது பற்றக்கூடிய வாயுதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தே வரும் ரகம் என்றால் வெடிக்கக்கூடியது. பூஜை அறையில், சூடமும் ஊதுவத்தியும் எரியும்போது, அடுப்புப் பக்கத்தில், பீடி சிகரெட் பிடிப்பவர் அருகில் ஓட்டவே கூடாது. காற்றைவிடப் பல மடங்கு லேசானது என்பதால் மேலே போய்க் கூரையடியில் சேரும், ஏ.சி. போட்டு அடைத்த அறை வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்பது உங்களுக்கே தெரியும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் ஹைட்ரஜனோடு குளோரினும் உண்டாகும். வாயுக்களைப் பிரிக்கும் சவ்வு இல்லாத மலிவு மெஷினில் அது நேராக மூக்குக்கு வரும். பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தாலோ, தொண்டை எரிந்தாலோ, இருமல் வந்தாலோ உடனே கழற்றிவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள். ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளி என்றால் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவது உயிருக்கே ஆபத்து.

அப்புறம், மெஷின் விற்றவர் மூன்று மாதம் கழித்து வாருங்கள், மறுபடி திரையில் பார்ப்போம் என்று சொல்லியிருப்பார். அதற்குப் பதில் இன்றைக்கே ஒரு சி.பி.சி. எடுத்து வையுங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். மூன்று மாதம் கழித்து அதே லேபில் இன்னொன்று எடுங்கள். ஹீமோகுளோபின், சிவப்பணு எண்ணிக்கை, அணுக்களின் சராசரி அளவு, இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.